நாற்றம் என்று எழுதிய மனு

சங்கத்துக்காக மனு எழுதுவதும் ஆலை கேட்டின் முன் உட்காருவதும் என் தொழில். கூலியும் கிடையாது, ஓய்வும் கிடையாது. இதே தொழிலில் தேய்ந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள் என்பதால், நடந்தவற்றை வரிசை தவறாமல் சொல்கிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில், பெரியநாயக்கன்பாளையத்துக்கு வடக்கே கோவிந்தராஜன் என்பவர் ஒரு ரிஃபைனரி வைத்தார். பஸ்களில் ஓடிக் கறுத்த என்ஜின் எண்ணெயை ஆசிட் விட்டுச் சுத்தம் செய்யும் வேலை. முதலாவது, கழிவுநீர் வெளியே வராது என்றார். இரண்டாவது, வந்த நீரை ஓடையில் விட்டார். மூன்றாவது, ஓடையோரம் இருந்த செல்லாத்தாளின் கிணற்றில் எண்ணெய் மிதந்தது. நான்காவது, கேட்கப் போன அந்த அம்மாளை வெயிலில் நிறுத்தி வைத்தார். ஐந்தாவது தவறு என்னுடையது.

திருத்தம்

செல்லாத்தாளுக்கு இருந்தது அந்த ஒரு கிணறுதான். இரண்டு மாடுகளும் கொஞ்சம் கத்தரியும் தக்காளியும் அதை நம்பி இருந்தன. நான் துண்டறிக்கைகளைப் படித்தே எழுத்துக் கற்றவன். எதிலும் சூடு இருக்க வேண்டும் என்பவன். “நாற்றம், நாற்றம், எங்கும் நாற்றம். அது நீங்கும்வரை ஓயமாட்டோம்” என்று மனுவை முடித்தேன். எண்ணெய் என்ற சொல் அதில் எங்குமே இல்லை.

அம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சொன்ன திருத்தம் மனுவின் நடைக்கு ஒட்டாது என்று விட்டுவிட்டேன். அவர் சொன்னது இதுதான்: “நல்லாத்தானுங்ண்ணா இருக்குது. ஆனா மாடு குடிக்காம இருக்கறது நாத்தத்துக்குப் பயந்துட்டுங்களா? வாயில எண்ணெ ஒட்டுதுங்க.”

மூக்குப் பரிசோதனை

ஆறு வாரம் கேட்டில் உட்கார்ந்தோம். கோவிந்தராஜன் வெளிநாட்டு வரைபடம் ஒன்றைக் காட்டி, ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஓசோன் மெஷின் செய்ய வைத்தார். கண்ணாடிக் குழாயில் காற்றை ஓட்டிக் கடுமையான மின்சாரம் பாய்ச்சினால் ஓசோன் வரும். இடி விழுந்த இடத்து வாசனை அதற்கு; கெட்ட நாற்றத்தைப் போக்கிவிடும். அதைக் கழிவுத் தொட்டியில் குமிழ் குமிழாக விட்டார்கள்.

சுகாதார இன்ஸ்பெக்டர் அந்தத் தொட்டியில் ஒரு டம்ளர் மொண்டு மூக்கருகே பிடித்தார். நாற்றம் இல்லை, உண்மைதான். ஆனால் மேலே எண்ணெய் நிறம் நிறமாக மின்னியது. சுட்டிக் காட்டினேன். அவர் என் மனுவை விரித்து, கடைசி வரியில் விரலை வைத்தார். “ஏனுங்க, நாத்தம் போகோணும்னுதானுங்களே கேட்டீங்க? போயிருச்சுங்க.”

ஃபிட்டரின் விளக்கம்

மெஷினை ஓட்டிய ஃபிட்டர் பழனிச்சாமி எங்கள் சங்கத்து ஆள். டீக்கடையில் பிடித்துக் கேட்டேன். முதலில் நீரைத் தேக்கி, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்க வேண்டும். ஓசோன் அதற்குப் பிறகுதான் என்றார். முதலாளி அந்தத் தேக்கத் தொட்டியைக் கட்டவே இல்லையாம். இதை முன்பே சொல்லக் கூடாதா என்றேன்.

“நீங்க கேக்கவே இல்லீங்களே தோழர். வழிக்காம ஊதுனா நாத்தம் மட்டுந்தான் போகும், மிச்ச ஓசோன அந்த எண்ணெயே தின்னுபோடுமுங்க. உங்க மனுவுல எண்ணெயவே காணோம்னு மொதலாளி ரெண்டு நாள் சிரிச்சாருங்க.”

இரண்டாவது மனு

எண்ணெயை வழித்துவிட்டு ஓசோன் விட வேண்டும் என்று ஒரே வரியில் எழுதினேன். சூடு எதுவும் வைக்கவில்லை. முதலாளியை அதற்கு ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் இரண்டு கோடை போய்விட்டன. செய்தி சொல்ல ஓடினேன். செல்லாத்தாள் அன்னூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போக, வண்டியில் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“தோட்டத்தக் கெணத்தோட குடுத்துபோட்டனுங்ண்ணா. தரகர் வந்து பேசி முடிச்சாருங்க. உங்களக் குத்தஞ் சொல்லலீங்க. மாட்டுக்குத் தாகம் மனுவப் பாத்துட்டு வாரதில்லீங்களே.”

மகஜர்

தேக்கத் தொட்டி கட்டினார்கள். ஓடை தெளிந்தது. கிணற்றை இறைத்துத் தூர் எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் ஐந்து பேரைச் சாட்சிக்கு நிறுத்தி, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் கண்டதைப் பதியும் மகஜர் எழுதினார். கிணற்றிலிருந்து எடுத்த டம்ளரில் எண்ணெயும் இல்லை, நாற்றமும் இல்லை. நானே குடித்துப் பார்த்தேன்.

எங்கள் போராட்டத்தால் நல்ல தண்ணீர் பெற்ற ஒரே ஆள் யார் என்பதை, கையெழுத்து வாங்குவதற்கு முன் இன்ஸ்பெக்டர் ஐந்து சாட்சிகளுக்கும் கேட்கும்படி நிறுத்திப் படித்தார்: “கிணற்றுக்குப் பாத்தியப்பட்டவர், கோவிந்தராஜன்.”