புரோத்தன் எங்கே போய் நின்றது

பேராசிரியர் சிவநாதன் என் கணிப்பைத் திரையில் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நைதரசனிலயோ? எனமைனில புரோத்தன் கடைசியில காபனிலதான் போய் நிக்கும். எங்கயோ பிழை விட்டிருக்கிறீர், வசந்தி. திருப்பிப் போடும்."

அப்போது நான் கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆய்வு உதவியாளர். குடுவை தொடாத இரசாயனம் என்னுடையது. மூலக்கூறைக் கணினியில் கட்டி, அதன் சக்தியைக் கணக்கிட வேண்டும்; சக்தி குறைந்த வடிவமே நிலைக்கும். எனமைன் என்ற மூலக்கூறில் நைதரசனுக்குப் பக்கத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கும். அமிலத்தின் புரோத்தன் நைதரசனிலும் ஒட்டலாம், பிணைப்பின் மறுமுனைக் காபனிலும் ஒட்டலாம். பாடநூல் காபன் என்கிறது. நாங்கள் அந்தக் காபனில் மூன்று புளோரின் கொண்ட ஒரு தொகுதியைத் தொடுத்திருந்தோம். அப்போதும் காபன்தான் என்று சிவநாதன் சேர் ஒரு மாநாட்டுக்கு உரைச் சுருக்கம் அனுப்பியிருந்தார். என் ஒப்பந்தத்தை நீடிக்கும் பணமும் அந்த உரையை நம்பியே இருந்தது.

மின்வெட்டுக் காலம் அது. ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பு ஜொப் பாதியில் விழுந்துவிடும். கம்பஸில் கரண்ட் இல்லாதபோது வெள்ளவத்தையில் என் வாடகை அறைக்கு வந்து மடிகணினியில் இன்புட் ஃபைல்களைத் திருத்துவேன். கணிப்பு முறையை மாற்றினேன். மூலக்கூறை எல்லா வடிவங்களிலும் திருப்பிப் பார்த்தேன். வெற்றிடத்தில் காபன் மயிரிழையில் முந்தியது. கரைப்பானைச் சேர்த்ததும் ஒவ்வொரு தடவையும் நைதரசனே வென்றது. புளோரின் இலத்திரன்களைத் தன் பக்கம் இழுப்பதால் காபனுக்குப் புரோத்தனை ஏற்கும் வலு குறைகிறது. நைதரசனில் குவியும் மின்னேற்றத்தைக் கரைப்பான் தாங்கிக்கொள்கிறது. காரணம் புரிந்தும் எனக்கு என்மேல் நம்பிக்கை வரவில்லை.

கடைசியில் மேல்மாடி ஆய்வுகூடத்துக்குப் போனேன். அந்த எனமைனைச் செய்தவர் அன்ரன், கொட்டாஞ்சேனைக்காரர். விசயத்தைச் சொன்னதும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"என்ட என்.எம்.ஆர் நிறமாலையிலயும் அப்பிடித்தான். அமிலம் விட்ட பிறகும் இரட்டைப் பிணைப்பு ஐதரசன்ட சிக்னல் போகேல்ல, கொஞ்சம் தள்ளி நிக்குது. புரோத்தன் காபனுக்குப் போயிருந்தா அது நிக்கேலாது. சாமான் பழுதாப் போச்சு எண்டு நினைச்சு விட்டிட்டன்."

"நானும் என்ட கணக்குத்தான் பிழை எண்டு நினைச்சனான்."

தண்ணீர் பட்டால் எனமைன் உடைந்துவிடும். ஆகவே அன்ரன் எல்லாவற்றையும் நன்றாக உலர்த்தி, புதிதாகச் செய்து மறுபடி பார்த்தார். சிக்னல் அதே இடத்தில் நின்றது.

இருவரும் சேர்ந்து சேரிடம் போனோம். அவர் இரண்டு முடிவுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அன்ரன், இது உமக்கு எப்ப தெரியும்?"

"முதல்லயே தெரியும், சேர்."

"பிறகேன் சொல்லேல்ல?"

அன்ரன் தயங்கினார். "நீங்க காபன் எண்டு சொல்லிப்போட்டீங்கள், சேர்."

சேர் கதிரையை இழுத்து உட்கார்ந்து, சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாக மாநாட்டுக்கு மின்னஞ்சல் எழுதினார். உரை கைவிட்டுப் போனது, என் ஒப்பந்தமும் முடிந்தது. நைதரசன் முடிவை எழுதிய கட்டுரை வெளிவந்து, அதைக் காட்டி வேறு நிதி கிடைக்கும்வரை கிருலப்பனையில் ரியூஷன் கொடுத்தேன்.

கம்பஸுக்குத் திரும்பி வந்தபோது குழுக் கூட்டத்தில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். எல்லோரும் பேசி முடித்த பிறகே சேர் தன் கருத்தைச் சொன்னார்.

இன்று எனக்கென ஒரு சிறிய குழு இருக்கிறது. எந்த விடையை எதிர்பார்க்கிறேன் என்று நான் முதலில் சொல்வதில்லை. சொன்னால், எனக்குக் கிடைப்பது அந்த விடையாகவே இருந்துவிடும்.