என் பேரில் போன பூண்டுக் குழம்பு

எதிர்வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பதினோரு மணிக்கெல்லாம் நல்லெண்ணெயில் பூண்டு வதங்கும் வாசனை எங்கள் அடுக்ககப் படிக்கட்டு முழுக்க ஏறி இறங்குகிறது. "வாசனை தொந்தரவா இருக்கா டீச்சர்?" என்று அவளுடைய அம்மா கேட்டார். "சேச்சே, பசியக் கிளப்புதுங்க" என்றேன். பொய். அந்த வாசனை வந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஏன் என்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

சீர்காழிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஐப்பசி மழையில் ஆறு உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்துவிட்டது. பள்ளிக்கூடமே முகாம், அறைக்கு ஐந்து குடும்பம். ஈரப் பாய், பிளீச்சிங் பவுடர், சாம்பார் எல்லாம் கலந்த ஒரு வாடை. தலைமையாசிரியரால் தண்ணீரைத் தாண்டி வர முடியவில்லை, பொறுப்பு என் தலையில். எனக்கு இருபத்து மூன்று வயது. கழுத்தில் விளையாட்டு சாருடைய விசில். சோற்றுப் பொட்டலம் வந்ததும் ஊதுவேன். வரிசை கலைந்தால் வயதானவர்களையும் பின்னால் அனுப்புவேன். நியாயத்தையே நான்தான் கண்டுபிடித்த மாதிரி அப்படியொரு மிதப்பு. "எல்லாருக்கும் ஒண்ணுதான். தனிச் சமையல் கெடையாது." இதுதான் என் சட்டம்.

ஓர் அறையின் மூலையில் செல்வி என்ற பெண் படுத்திருந்தாள். பிள்ளை பெற்றுப் பத்து நாள். குழந்தை ஓயாமல் அழுதது. அவள் தன் பொட்டலத்தைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். போய் நின்றேன்.

"சோறு புடிக்கலையா உங்களுக்கு?"

"இல்ல டீச்சர், பச்ச ஒடம்பு. தயிர்சோறு, எலுமிச்சஞ்சோறு சேராது. பூண்டு, மெளகு போட்டு ஒரு வாய் சூடா கெடச்சா… பால் வத்திப் போச்சு."

"இது என்ன உங்கம்மா வீடா? எல்லாரும் திங்கிறததான் நீங்களும் திங்கணும்."

'திங்கிறத' என்றுதான் சொன்னேன். நாகரிகமாக மாற்றி எழுதலாம், மனசு வரவில்லை. ஹாஸ்டலில் வளர்ந்தவள், பத்தியம் கித்தியம் தெரியாது என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாதா என்ன? அவள்தான் வாயைத் திறந்து சொன்னாளே. அப்போது என் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தவர், சத்துணவு சமைக்கும் பாக்கியம் அக்கா. அவர் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாளில் குழந்தையின் அழுகை அடங்கியது. கண்டிப்பு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து வருஷம் கழித்து சீர்காழி பஸ் ஸ்டாண்டில் செல்வியைப் பார்த்தேன், கையில் ஒரு பையன். "கும்பிடுடா. டீச்சர் அன்னைக்குக் கொழம்பு குடுத்தனுப்பலன்னா நீ இல்ல" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே, "அதுக்கென்னம்மா" என்றேன்.

மறுநாள் பாக்கியம் அக்காவிடம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். "வீட்டுப் பரண்ல பூண்டும் மெளகும் நனையாம கெடந்துச்சு, போயி எடுத்தாந்து கொழம்பு வச்சுக் குடுத்தேன். வாயில வைக்க மாட்டேனுட்டுது டீச்சர். ஒங்களுக்குத் தெரிஞ்சா முகாம விட்டு அனுப்பிருவீங்கன்னு அழுவுது. டீச்சர்தான் குடுக்கச் சொன்னாங்கன்னேன், அப்பறந்தான் சாப்புட்டுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார் அந்த அம்மா. வெட்கத்தில் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "செல்விகிட்ட நானே சொல்லிடுறேன்க்கா" என்றேன்.

சொல்லவில்லை. அடுத்த முறை சொல்லலாம், அடுத்த முறை சொல்லலாம் என்று எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. தஞ்சாவூருக்கு மாற்றலாகி, ஓய்வும் பெற்றாயிற்று. பாக்கியம் அக்கா விறகு ஊதிய ஓட்டுச் சமையல் கொட்டகையை இடித்து, கேஸ் அடுப்போடு புதுக் கட்டடம் கட்டிவிட்டார்கள். செல்வி மட்டும் ஒவ்வொரு தைக்கும் ஒரு பையில் புது அரிசியோடு பஸ் ஏறி வந்துவிடுவாள்.

இந்தத் தையிலும் வந்தாள். "பாக்கியம் அக்கா போயிருச்சு டீச்சர்" என்றாள். "கடைசியா போயிப் பாத்தப்பகூட, டீச்சருக்கு மறக்காம அரிசி குடுத்துருன்னுதான் சொல்லுச்சு."

பையை வாங்கி உள்ளே வைத்தேன்.