தேனீ லாட்ஜ்

பல் துலக்கும் முன்பே ஜெகதீசன் குனிந்து, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கிறார். நாற்பத்தெட்டுக் குழாய்கள். அத்தனையும் காலி. “வரும் சார். இன்னா அவசரம்? புது வூடு, யோசிக்கத்தான் செய்யும்” என்று பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு ஆறுதல் சொல்கிறார். நான் கேட்கவே இல்லை.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இருபத்தாறு வருடமாகக் குழாய் அறுக்கிறவர். தேனீ குறைந்துகொண்டே வருகிறது, தோட்டத்தில் மூங்கில் துண்டுகளை அடுக்கி வைத்தால் சில வகைத் தேனீக்கள் அதற்குள் முட்டையிடும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தார். “மார்க்கெட்காரன் வூட்ல மூங்கிலா? மானம் பூடும்.” இரும்புக் குழாயை வெட்டி, வெல்டிங் வைத்து, சிவப்பு பெயிண்ட் அடித்து, திருவொற்றியூர் வீட்டு வாசலில் நல்ல வெயிலாகப் பார்த்து நிறுத்தினார். மேலே ஒரு தகரப் பலகை: ‘தேனீ லாட்ஜ். உபயம்: இரா. ஜெகதீசன்’. லாட்ஜை விட உபயதாரர் பெயர் பெரிது. சித்திரை வெயிலில் அதன் மேல் தோசை ஊற்றலாம்.

இடம் பண்ணுவதற்காக மனைவி கெங்கம்மாவின் ரோஜாத் தொட்டிகளைப் பைக் பக்கம் தள்ளினார். அவள் புடவை பட்டால்கூடச் சத்தம் போடுவாரே, அந்தப் பைக். கொஞ்ச நாளில் ரோஜா இலைகளை ஏதோ ஒன்று வட்டம் வட்டமாக வெட்டத் தொடங்கியது. உடனே பூச்சிமருந்து வாங்கி வந்துவிட்டார் தேனீக்களின் காவலர்.

“பூச்சிக்கு லாட்ஜும் கட்டுற, வெசமும் வாங்கியாற. இன்னாய்யா நாயம் இது?” என்றாள் கெங்கம்மா.

“அது வேற பூச்சி, இது வேற பூச்சி. கம்னு கெட.”

நடுவில் மூன்று நாள் காய்ச்சல். எழுந்த அன்று காலை, வேலைக்குப் போகும் முன் மருந்தடித்துவிடலாம் என்று டப்பாவோடு வந்தார். தொட்டிக்குக் குறுக்கே பைக். நகர்த்த ஹேண்டில் பூட்டைத் திறக்கப் போனால் சாவி நுழையவில்லை. டார்ச் அடித்தார். பூட்டுக்குள் ரோஜா இலைத் துண்டுகள் சுருட்டிச் சுருட்டிக் கூடாக அடைக்கப்பட்டிருந்தன. வயிற்றில் மஞ்சளாக மகரந்தம் அப்பிய ஒரு கறுத்த தேனீ, வாயில் இன்னொரு இலை வட்டத்தோடு, அவர் விரலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஊக்கு எடுத்தாரட்டா? நோண்டிடலாம்” என்றாள் கெங்கம்மா. நோண்டிவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

“கைய வச்சே, பேஜாராயிடும். இத்த எங்கனா தூர வை” என்று மருந்து டப்பாவை அவளிடம் நீட்டினார்.

ஷேர் ஆட்டோ பிடிக்கத் தெருமுனைவரை போனவர் திரும்பி வந்தார். லாட்ஜில் தொங்கிய பலகையைக் கழற்றிப் பைக் ஹேண்டிலில் மாட்டினார். இரண்டடி பின்னால் போய், தன் பெயர் நேராகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டார்.