ஊசி குளிர் விடும் நேரம்

என் கூட்டாளியின் வயிற்றில், தொப்புளுக்குப் பக்கத்தில், தோலுக்கடியில் பட்டாணிபோல ஒரு கட்டி இருந்தது. போதை ஆசையை அடக்க மாதம் ஒருமுறை போடும் ஊசி மருந்து அங்கே தங்கி, சிறுகச் சிறுகக் கரையும். சட்டையைத் தூக்கிக் காட்டுவான். "பாத்துக்க மச்சான், ஒரு மாசம் இதுக்குள்ள இருக்கு" என்பான். அந்தக் கட்டியைப் பார்த்து எனக்கு வயிறெரியும்.

நாங்கள் இருவரும் படகுத்துறையில் மூட்டை தூக்கியவர்கள். ஒரே வருடத்தில் போதைப் பவுடரில் விழுந்தோம். ஒரே வாரத்தில் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தோம். எனக்கு இன்னும் பவுடருக்கு மாற்றாகத் தினமும் குடிக்கும் மெத்தடோன்தான். நான் இருக்கும் லைங் தாயாவிலிருந்து, வேலைக்குப் போகும் கூட்டத்தோடு பஸ்ஸில் நசுங்கி வந்து, வரிசையில் நின்று, நர்ஸ் எதிரே அதைக் குடிக்க வேண்டும். குடித்ததும் "பேசு" என்பாள். வாயில் அடக்கி வெளியே கொண்டுபோய் விற்றுவிடக் கூடாதாம். "மழை வரும்போல" என்று எதையாவது சொல்லிவிட்டு வருவேன்.

எனக்கு ஓர் ஊரில் கால் தங்காது. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றதும் அதனால்தான். அவனோ மாதம் ஓர் ஊசி போதும் என்பதால் மாவ்பியில் காய்கறி லாரியில் சுமைவேலை பிடித்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான். அப்படிப் போக வேண்டியவன் நான்.

ஊசி போடுவது பசுந்தாங்கில் ஒரு மருந்துக்கடை. டாக்டர் எழுதிக்கொடுத்த சிலருக்கு மட்டும். கடை நடத்தும் அம்மா தமிழ் முஸ்லிம். மருந்து தெரிந்த பெண்ணுக்கு இங்கே கொடுக்கும் மரியாதையில் எல்லோரும் அவரை சயாமா என்போம். எனக்கும் ஊசி கேட்கலாம் என்று ஒருநாள் அவனோடு போனேன். பதினோரு மணிக்கு அவன் லாரியில் ஏற வேண்டும்.

சயாமா குளிர்பெட்டியிலிருந்து ஊசியை எடுத்து மேசைமேல் வைத்தார். குளிர் விடக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள், தினமும் மருந்து குடித்ததைக் குறிக்கும் என் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பாதிக் கட்டம் காலியா கெடக்கு?"

"அப்பப்ப வெளியூரு போயிருவேன் சயாமா. ஊசி போட்டா கட்டமே வேணாமே."

"ஒரு மாசம் விடாம வந்து காட்டுங்க. அப்பத்தான் டாக்டர் எழுதுவாரு. இவரு ஒருநாள்கூட விட்டதில்ல."

"மச்சானுக்குக் கால்ல சக்கரம் சயாமா" என்று அவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. ஊசிக்கு முன்னால் கேட்கும் கேள்வியை சயாமா அவனிடம் கேட்டார்: சாராயம், தூக்க மாத்திரை ஏதாவது? இல்லை என்றான்.

"போன வாரம் மாத்திரை போட்டானே" என்றேன். பச்சைப் பொய்.

சயாமா ஊசியை மறுபடியும் பெட்டிக்குள் வைத்தார். அவன் என்னைத் திட்டவில்லை. "மச்சான், லாரி..." என்றான். அவ்வளவுதான்.

"பொய் சொல்லிட்டேன் சயாமா. பொறாமையில சொன்னேன்."

"எதுல சொன்னா என்ன, என் காதுல விழுந்துருச்சி. மாத்திரையும் ஊசியும் சேந்தா மூச்சு நின்னுரும். சோதிக்காம நான் போடமாட்டேன்."

டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, சிறுநீருக்கு ஒரு கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தார். உள்ளே போனவன் காலிக் கிண்ணத்தோடு திரும்பினான். பதற்றத்தில் வரவில்லை. நான் ஓடிப்போய்த் தண்ணீர் வாங்கி வந்தேன். இரண்டு பாட்டில் குடித்தான். லாரிக்காரர் போன் அடித்துக்கொண்டே இருந்தார். மூன்றாவதை நீட்டினேன்.

"இன்னும் ஊத்துறியேடா! நான் என்ன குழாயா?"

ஒருவழியாக வந்தது. சோதனையில் ஒன்றுமில்லை. பெட்டியிலிருந்து மறுபடியும் ஊசி வெளியே வந்தது. மறுபடியும் கால் மணி நேரம். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஊசி போட்டதும், "தேய்க்காதீங்க, இடுப்புல இறுக்கிக் கட்டாதீங்க" என்றார் சயாமா.

லாரி போய்விட்டிருந்தது. அவனுக்குப் பதில் வேறொருவன் ஏறிவிட்டான். முதலாளி போனில் கத்தித் தீர்த்துவிட்டு, நாளை வரச் சொன்னாராம். பஸ் நிறுத்தம் வரை அவனோடு நடந்தேன்.

"உனக்கு ஊசி போட்டா நாக்குலதான் போடணும்" என்றான். இந்த முறை சிரிக்கவில்லை.

மாவ்பி பஸ்ஸில் ஏறினான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பஸ் நகர்ந்தபோது, அவனுக்கு சன்னலோர இடம் கிடைத்திருந்ததைப் பார்த்தேன். அதற்கும் வயிறெரிந்தது.