சுவரைப் பார்த்து விழுங்கிய மாத்திரை

ஜெர்மனிக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு ஹெல்கா எங்களைக் காப்பிக்கு அழைத்தாள். பேச்சின் நடுவே என் மனைவி கலாமணி எழுந்து மூலைக்குப் போனாள். எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தாள். ஹெல்கா என்னிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டாள். 'ஆங்ஸ்ட்' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. பயம். தன் நாயைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, "ஆமாம், கொஞ்சம் உண்டு" என்று சிரித்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது. உன்னைக் கண்டால் இவளுக்குப் பயமா என்றுதான் கேட்டிருக்கிறாள். மனைவியை மருந்து சாப்பிடவிடாத கணவன் என்று என்னை முடிவுகட்டிவிட்டாள். கைச்சாடையும் அகராதியுமாக அவளுக்கு விளக்கி முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போயிற்று. எனக்குக் கோபம் வந்தது ஹெல்கா மேல் அல்ல, நம் ஊர் மேல்.

கலாமணிக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். பள்ளிக்கூட நாளில் வலிப்பு வந்து, கோயமுத்தூர் டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, வருடக்கணக்காக ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்தவள். கல்யாண வீட்டில் உறவுக்கூட்டம் சேர்ந்ததும், அவள் அம்மா மாத்திரை அட்டைகளை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டார். கல்யாணத்துக்கு மறுநாள் பொள்ளாச்சியில் எங்கள் வீட்டில் விருந்து. பரிமாறிக்கொண்டிருந்தவள் ரசச் சட்டியோடு விழுந்தாள். கை வெந்துபோயிற்று. சுற்றி நின்றவர்கள் தண்ணீர் ஊற்றவில்லை. வலிப்புக்குக் கையில் திணிக்க ஓடிப்போய் இரும்புச் சாவியைத் தேடினார்கள்.

நினைவு திரும்பியதும் அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "மாத்தர போட்டா வராதுங்க. என்னயப் போட உடலீங்க."

எனக்குச் சொல்லாமல் மறைத்தது தப்புத்தான். முன்பே சொல்லியிருந்தால் கட்டியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான். ஆனால் ஒரு பெண்ணைக் கரையேற்றுவதாகச் சொல்லி, அவளைக் காப்பாற்றி வந்த மருந்தையே பிடுங்குவது என்ன நியாயம்?

என் தாய்மாமன் கூடத்தில் நின்று கத்தினார். "ஆயுசு பூரா மாத்தர திங்கற புள்ளய நம்ம தலைல கட்டிப்போட்டாங்க மாப்ள. கொண்டுபோயி அவங்க ஊட்ல உட்டுப்போட்டு வா."

"நீங்க பிரஷருக்கு மாத்தர போடறீங்களா இல்லீங்களா மாமா?"

"போடறேன். அதுக்கென்ன இப்ப?"

"எத்தன நாளைக்குப் போடோணும்னு டாக்டர் சொன்னாருங்க?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பந்தியில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்க மோரோடு மாத்திரை விழுங்குகிறவர் அவர். அது கௌரவம், சட்டைப் பையில் ஊரறிய இருக்கலாம். இவளுடையது மட்டும் அரிசிப் பானைக்குள் ஒளிய வேண்டுமாம்.

அன்று மாலையே அவளைக் கோயமுத்தூருக்கு அழைத்துப்போனேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்று டாக்டர் கேட்டார். இருவரும் தலைகுனிந்து நின்றோம். திரும்பி வந்ததும், எல்லோரும் பார்க்க அவள் கையில் மாத்திரையையும் தண்ணீர்ச் செம்பையும் கொடுத்தேன். மாமா அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. பஞ்சாலை இயந்திரம் செய்யும் கம்பெனி என்னை இங்கே அனுப்பியபோது வழியனுப்பக்கூட வரவில்லை. போகட்டும்.

இங்கே மருந்துக்கடையில் கலாமணி இப்போது நாலு பேருக்கு நடுவே, "எனக்கு எபிலெப்ஸி" என்று உரக்கச் சொல்லி மாத்திரை வாங்குகிறாள். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனையில் இருக்கும் கண்ணாடிக் கூண்டிலிருந்து அவள் அம்மாவுக்குப் போன் பேசுவோம். மறுமுனையில் அம்மாவின் குரல் எனக்கும் கேட்கும். "இன்னும் அதயப் போட்டுட்டுத்தான் இருக்கறயா கண்ணு?"

"ஆமாங்ம்மா" என்கிறாள் கலாமணி, கிசுகிசுப்பாக, வாயைக் கையால் மூடிக்கொண்டு. அந்தத் தெருவில் தமிழ் தெரிந்தவர்கள் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.