வீடு தூக்கும் தமிழரசு காரை இறக்கிய கதை

கோவில்பதாகை தமிழரசு வீடு தூக்குகிறவன். கட்டுவதும் இல்லை, இடிப்பதும் இல்லை. நிற்கிற வீட்டை, உள்ளே பீரோ, கட்டில், சாமி படமெல்லாம் இருந்த இடத்தில் இருக்க, அஸ்திவாரத்திலிருந்து அறுத்து, அடியில் நூற்றைம்பது இருநூறு ஜாக்கிகளைக் கொடுத்து, மூன்றடி நாலடி மேலே ஏற்றிவிடுவான். கேட்கிறவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து தங்கள் வீட்டுக்கு நாள் கேட்பார்கள்.

ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இந்தத் தொழிலுக்குப் பஞ்சமே கிடையாது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோடு போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் தெரு அரையடி உயரும், வீடுகள் அரையடி பள்ளத்துக்குப் போகும். அப்புறம் ஒரு ஐப்பசியில் மழைத் தண்ணீர் யாரும் கூப்பிடாமலே கூடத்துக்கு வந்து உட்காரும். ரோடு போட்டால் ஊர் சந்தோஷப்படும். தமிழரசு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சந்தோஷப்படுவான். பதினெட்டு வருஷத்தில் நூற்றி நாற்பது வீடுகள் தூக்கிவிட்டான். ஒரு வீட்டிலும் ஒரு டம்ளர்கூட உருளவில்லை என்று டீக்கடையில் அவனே சொல்வதுண்டு.

அவன் குடியிருக்கும் தெருவில் தூக்காமல் மிச்சமிருந்தது ஒரே வீடு. அது தமிழரசுவின் வீடு.

ரோட்டிலிருந்து அந்த வீட்டுக்குள் போக இரண்டு படி இறங்க வேண்டும். போன கார்த்திகையில் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். தேவிப்பிரியா ஃபிரிட்ஜைச் செங்கல் மேலும் பிள்ளைகளைக் கட்டில் மேலும் ஏற்றிவிட்டு மூன்று நாள் தண்ணீரிலேயே நின்று சமைத்தாள். அவள் அவனுக்கு அக்கா மகள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் மாமாதான்.

"ஊருக்கெல்லாம் தூக்கறியே, நம்ம ஊட்டை எப்ப மாமா தூக்குவ?" என்று வருஷா வருஷம் கேட்டாள். ஜாக்கியெல்லாம் சைட்டில் இருக்கிறது என்பான். மார்கழி பிறந்துவிட்டது என்பான். இந்த வருஷம் அவ்வளவு மழை இல்லையாம், டிவியில் சொன்னார்கள் என்பான். அவன் வாயில் காரணத்துக்குக் குறைவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நாற்பத்துமூன்றாவது வயதில் அவனுக்குக் கார் பைத்தியம் பிடித்தது. வெளிநாட்டுக்குக் கிளம்பிய ஒரு கம்ப்யூட்டர்காரரிடம் வாங்கிய சிவப்புக் கார். சின்னதுதான், ஆனால் டர்போ என்ஜின். மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். நசரத்பேட்டை, மாங்காடு என்று தினமும் சைட்டுகளுக்கு அதில்தான் போனான். ஓட்டுகிற வரை ஒரு குறையும் தெரியவில்லை. நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால்தான் வயிறு எரிந்தது. டயருக்கும் அதற்கு மேலே இருக்கும் வளைவுக்கும் நடுவில் நாலு விரல் தாராளமாகப் போனது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கடை தாண்டப்போகிற ஆள் மாதிரி கார் நின்றது. குட்டை ஸ்பிரிங் போட்டு இறக்கினால் சிறுத்தை மாதிரி தரையோடு படுத்துக்கொள்ளும் என்று ஃபோனில் பார்த்து வைத்திருந்தான்.

"ஊட்டைத் தூக்குன்னா, காரை எறக்கறேன்ற" என்றாள் தேவிப்பிரியா. "சரி, எறக்கிக்கோ. ஆனா மழைக்கு முன்னாடி ஊடு மேல ஏறணும். இந்த வருஷமும் தண்ணி உள்ள வந்துச்சுன்னா பசங்களை இட்டுகினு எங்கம்மா ஊட்டுக்குப் போய்டுவேன். சும்மா பயமுறுத்தறேன்னு நெனைக்காத."

சும்மா சொல்லவில்லை என்று அவனுக்கும் புரிந்தது. ஆனால் அது ஆடி மாசம். ஆடியில் வீட்டைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டான். அதே ஆடியில் தள்ளுபடி போட்டிருக்கிறார்கள் என்று காரை அம்பத்தூருக்குக் கொண்டுபோனான்.

அம்பத்தூரில் ஜெகதீஷ் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மட்டுமே பார்க்கிறவர். அவசரப்படாத மனிதர். காரைச் சுற்றி வந்து, நாலு மூலையையும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஸ்பிரிங் மட்டும் போட்டுட்டா போதும்னு நெனச்சுட்டு வருவாங்க சார். பழைய ஷாக்கை வெச்சுக்கிட்டு ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினா, ஷாக் எப்பவும் பாதி மடங்கியே நிக்கும். ஒரு குழியில எறங்கினா அடிவரைக்கும் போய் இடிக்கும். புது ஸ்பிரிங் கெட்டியா வேற இருக்கும், அது துள்றதை பழைய ஷாக்கால புடிக்க முடியாது. ஆறு மாசத்துல எண்ணெய் கக்கிடும். ரெண்டையும் ஜோடியா மாத்தணும்."

"ஜோடியாவே போட்டுடுங்க. எவ்ளோ எறக்கலாம்?"

"இருபத்தஞ்சு எம்.எம். ஒண்ணு கீது, நாப்பது ஒண்ணு கீது. எத்தனை பேர் போவீங்க, எந்த ரோடுன்னு சொன்னாத்தான் எதுன்னு சொல்லுவேன்" என்று ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

இந்தக் கேள்வி தமிழரசுவுக்குப் புதிதல்ல. வீடு பார்க்கப் போனால் அவன் முதலில் கேட்பதே இதைத்தான்: எத்தனை பேர் இருக்கிறீர்கள், மேலே என்ன கனம் வைத்திருக்கிறீர்கள்? யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ரெண்டே பேர் என்பார்கள். மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும். ஒரு ரிடையர்டு வாத்தியார் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியையே மறைத்தார். "கனத்தைக் குறைச்சு சொன்னா கஷ்டம் உங்களுக்குத்தான் சார். என்கிட்ட மறைச்சுடலாம், ஜாக்கிகிட்ட மறைக்க முடியாது" என்று அவர்கள் தலைகுனியும்படி பேசியிருக்கிறான்.

அப்பேர்ப்பட்ட தமிழரசு சிவப்புக் காரைப் பார்த்தான், நாலு விரல் இடைவெளியைப் பார்த்தான்.

"நான் ஒருத்தன்தான். எப்பவும் ஹைவேஸ்தான்" என்றான்.

"ஊட்ல யாரும் ஏற மாட்டாங்களா? நாலு பேர் ஏறினா நாப்பது வேணாம் சார்."

"ஏற மாட்டாங்க. அவங்களுக்கு ஆட்டோதான் புடிக்கும்."

ஜெகதீஷ் அப்படியே எழுதிக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் கார் சிறுத்தையாகப் படுத்திருந்தது. இப்போது ஒரு விரல்தான் போனது. தமிழரசு அந்த இடைவெளிக்குள் விரலை விட்டு விட்டு எடுத்தான். கல்யாணத்தன்று மோதிரம் போட்டபோதுகூட அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு இருந்ததில்லை. பெங்களூர் ஹைவேயில் ஒரு சுற்று போனான். வளைவில் கார் சாயவே இல்லை. உண்மையிலேயே நல்ல தேர்வுதான், ஒரே ஒரு ஆளுக்கு.

அந்த வாரமே தேவிப்பிரியா மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வருவதாக வேண்டிக்கொண்டாள். எதற்கென்று சொல்லவில்லை. மகள் சுதாவின் பன்னிரண்டாம் வகுப்புக்காக இருக்கும் என்று அவன் எடுத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை அவள், சுதா, எட்டாவது படிக்கும் கிரண் மூவரும் காரில் ஏறினார்கள். சிறுத்தை இன்னும் கொஞ்சம் படுத்தது.

முதல் வேகத்தடையிலேயே அடிவயிற்றில் கர்ரென்று ஒரு சத்தம். தமிழரசுவுக்குத் தன் வயிற்றையே யாரோ கீறிய மாதிரி இருந்தது.

"கொஞ்சம் எறங்கிக்கோங்க, தாண்டினதும் ஏறிக்கலாம்" என்றான்.

இறங்கினார்கள், நடந்தார்கள், ஏறினார்கள். கோவில்பதாகையிலிருந்து மாங்காடு போவதற்குள் பதினொரு முறை. வேகத்தடை எங்கெங்கே இருக்கிறது என்று அதுவரை அவனுக்குத் தெரிந்ததே இல்லை. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "இன்னா அண்ணாத்தே, பெட்ரோல் மிச்சம் பண்றியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கிரண் முகத்தை மூடிக்கொண்டான்.

"நைனா, நாங்க நடந்தே போயிருந்தா இந்நேரம் தரிசனம் முடிஞ்சிருக்கும்" என்றாள் சுதா.

தேவிப்பிரியா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து அவன் கேட்பதற்கு முன்பே கதவைத் திறந்து இறங்கினாள். கையில் எலுமிச்சம்பழப் பையோடு வேகத்தடை ஓரமாக நின்று, கார் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் பேசாமல் நிற்பது அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஐந்தாம் வாரம் அர்ச்சனைச் சீட்டு வைக்க டேஷ்போர்டைத் திறந்தவள் கையில் ஜெகதீஷின் படிவம் வந்தது. பொறுமையாகப் படித்தாள்.

"வழக்கமா போறவங்க ஒருத்தர்னு போட்டுக்கீதே?"

"அது சும்மா... அவங்க ஃபார்ம் அப்படி."

"எங்களுக்கு ஆட்டோ புடிக்கும்னும் அவங்க ஃபார்ம்லயே இருக்குதா?"

ஜெகதீஷ் இவ்வளவு ஒழுங்கானவர் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அவள் தாளை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. மறுநாளே அம்பத்தூருக்குப் போய் இருபத்தைந்து எம்.எம். ஜோடி கேட்டான். "மொத நாளே கேட்டேனே சார்" என்று ஜெகதீஷ் சிரிக்காமல் சொன்னார். அந்த அளவு தீர்ந்துவிட்டதாம், ஆர்டர் போட்டால் வர இரண்டு மாதம் ஆகுமாம். போடச் சொல்லிவிட்டு வந்தான்.

ஆறாம் வாரம் வேண்டுதல் முடிந்தது. ஆவணிக் கடைசி. அடுத்த திங்கட்கிழமை சைட்டிலிருந்து சாப்பிட வந்த தமிழரசு தன் வீட்டு வாசலில் ஒரு லாரி நிறைய ஜாக்கி இறங்குவதைப் பார்த்தான். தன்னுடைய ஜாக்கிகள் அல்ல. கேட்டில் ஒரு புது பேனர் கட்டியிருந்தது: வரதன் வீடு உயர்த்தும் நிலையம். வரதன் எட்டு வருஷம் அவனிடம் ஜாக்கி திருகியவன். இரண்டு வருஷமாகத் தனியாகத் தொழில் பார்க்கிறான். தெருவே கூடி நின்றது. அத்தனை பேர் வீட்டையும் தூக்கியவன் தமிழரசு. அவன் வீட்டைத் தூக்க வேறொருவன் வந்திருக்கிறான்.

"யாரைக் கேட்டுடா உள்ள வந்த?" என்று பாய்ந்தான்.

வரதன் தலையைச் சொறிந்தான். "அக்காதான் கூப்ட்டாங்க அண்ணாத்தே."

தேவிப்பிரியா வெளியே வந்தாள். "நான்தான் கூப்ட்டேன். எனக்கு மழைக்கு முன்னாடி ஊடு ஏறணும்."

"மானத்தை வாங்கிட்டியே! நாளைக்கு எவன்டீ என்னைக் கூப்புடுவான்?"

"மானம் முழங்கால் தண்ணியில நிக்கும்போது யாரும் பாக்கலையா மாமா?"

தெரு சிரித்தது. அவன் சாப்பிடாமலே திரும்பிப் போனான். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. வேலை அதுபாட்டுக்கு நடந்தது. சுவரோரம் பள்ளம் தோண்டினார்கள், அடிச்சுவரைத் துண்டு துண்டாக அறுத்து இரும்புச் சட்டம் கொடுத்தார்கள், ஜாக்கி வரிசை போட்டார்கள். மூன்றரை அடி ஏறினால் இந்தக் கார் உள்ளே வரச் சரிவு நீளமாகப் போட வேண்டும், அதற்கு இடமில்லை என்றான் வரதன். முதலில் மனுஷங்க ஏறட்டும் என்றுவிட்டாள் தேவிப்பிரியா.

ஏற்றுகிற நாள் காலையில் தமிழரசு பழக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தான். வரதன் குறுக்கே வந்தான்.

"அண்ணாத்தே, ஏத்தும்போது ஊட்டுக்காரங்க உள்ள நிக்கக் கூடாது. நீங்க போட்ட ரூல்தான்."

ரோட்டுக்கு வந்து காரின் பக்கத்தில் நின்றான். விசில் ஊதியது. வரதனின் ஆட்கள் இருபது பேரும் ஒரே நேரத்தில் ஜாக்கியைக் கால் சுற்று திருகினார்கள். சுவருக்குள்ளிருந்து நெறுநெறுவென்று ஒரு சத்தம் எழுந்தது. எந்த வீடானாலும் முதல் திருகில் அப்படித்தான் கத்தும். நூற்றி நாற்பது தடவை கேட்ட சத்தம். வீட்டுக்காரர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்போது அவன் சிரித்திருக்கிறான். இன்று கார் கதவில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆடி, மார்கழி, சைட்டில் இருக்கும் ஜாக்கி, டிவியில் சொன்ன மழை, இத்தனை வருஷமாகச் சொன்ன அத்தனையும் இந்த ஒரு சத்தத்துக்குப் பயந்து சொன்னவைதான். ஊரார் சுவர் விரிந்தால் சிமென்ட் பூசிவிட்டு வரலாம். இந்தச் சுவருக்குள் சுதாவும் கிரணும் தூங்க வேண்டும். பயம் என்று ஒப்புக்கொள்ள முடியாமல் எதையெதையோ இறக்கிக்கொண்டும் மாற்றிக்கொண்டும் இருந்திருக்கிறான். கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட மறந்து உட்கார்ந்திருந்தான்.

தேவிப்பிரியா வந்து பக்கத்தில் குந்தினாள்.

"மூணு தபா நம்ம சுவத்துல அறுக்கறதுக்கு சாக்பீஸ் கோடு போட்டுட்டு நீயே அழிச்சதைப் பாத்தேன் மாமா. உனக்கு பயம்னு எனக்கு எப்பவோ தெரியும்."

"அப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ரோஷத்துல நீயே தூக்கறேன்னு நிப்ப. கை நடுங்கற ஆளுகிட்ட என் ஊட்டைக் குடுக்க முடியுமா? அதான் வரதனைக் கூப்ட்டேன். உன்னை அசிங்கப்படுத்த இல்ல."

இரண்டாவது விசில் ஊதியது. தமிழரசு கண்ணை மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்தான். வீடு ஒரு அங்குலம் ஏறுகிற வரை விடவில்லை.