புழுவுக்குக் கட்டிய மர வீடு

எண்பதுகளில் எங்கள் பென்னாகரம் பக்கம் யாரைப் பார்த்தாலும் பட்டுப்புழு பேச்சுதான். கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறவன் எல்லாம் மல்பெரி நட்டான். நான் மட்டும் சும்மா இருப்பேனா? என் மனைவி தலைப்பிரசவத்துக்குக் கடத்தூரில் இருந்த தாய்வீட்டுக்குப் போன கையோடு, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், எங்கள் வீட்டின் ஒரே கூடத்தில் மூங்கில் தட்டுகளை அடுக்கிப் புழுவைக் குடிவைத்துவிட்டேன். நான் தாழ்வாரத்துக்குப் பாயைக் கொண்டுபோனேன். அவள் திரும்பி வரும்போது கூடை கூடையாய்ப் பட்டுக்கூட்டைக் காட்டி அசத்தலாம் என்று நினைப்பு.

குட்டு உடைந்தது மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது. அவளைப் பார்க்கப் போகிற அவசரத்தில், புழுவுக்கு இலை போட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டைக்கூட மாற்றாமல் பஸ் ஏறியிருந்தேன். மகளை ஆசையாய் வாங்கி அணைத்தேன். துண்டின் மடிப்பிலிருந்து விரல் நீளப் புழு ஒன்று அவள் நெஞ்சில் விழுந்து, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

என் மனைவி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

"ஏங்க, எங்கிருந்துங்க வந்துச்சு இது?"

சொன்னேன். பாதி சொல்லும்போதே பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எம்புள்ள படுக்க வேண்டிய வூட்டுல புழுவா? அஞ்சாம் மாசம் வருவேன். வூட்டுல ஒத்தப் புழு கண்ணுல பட்டுச்சு, வந்த பஸ்சுலயே திரும்பிருவேன். அப்புறம் அதுங்களோடயே குடும்பம் நடத்திக்குங்க."

சொன்னால் செய்கிறவள். புழுவை விட்டுத்தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். ஒரு ஏக்கர் மல்பெரி பச்சைப்பசேல் என்று நிற்கிறதே, அதை யார் தின்பது, நானா? புழுவுக்குத் தனியாக ஓர் அறை கட்டலாம் என்றால், தகரமோ ஓடோ போட்டால் சித்திரை வெயிலில் எல்லாம் வெந்துபோகும். புழுவுக்குச் சூடு ஆகாது.

அந்த நேரம் பார்த்து, பட்டாளத்தில் இருந்த என் தம்பி இரண்டு மாத லீவில் வந்து இறங்கினான். வடக்கே பனிமலையில் வேலை பார்த்தவன்.

"ஏண்ணா மண்டையப் பிச்சுக்கற? அங்கெல்லாம் மரத்து மேல மரத்தப் படுக்கப் போட்டு வூடு கட்டறாங்க. வெளிய பனி கொட்டும். உள்ள கதகதன்னு இருக்கும்."

"டேய், நமக்குக் கதகதப்பாடா வேணும்? இங்க மனுசன் வேகறான்."

"குளுர உள்ள வுடாத சொவரு, வெயில மட்டும் வா வான்னு கூப்புடுமா?"

ஆகா! அந்த ஒரு பேச்சில் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அன்று மதியமே வரப்போரம் நின்ற தைல மரங்களில் கோடாலி வைத்துவிட்டோம்.

வீட்டுக்குப் பின்னால், வேப்பமரத்துக்கும் மல்பெரிக்கும் நடுவில் இடம். கரையான் ஏறாமல் இருக்கக் கல் அடுக்கி, அதன்மேல் மரங்களைப் படுக்க வைத்தோம். மூலையில் ஒரு மரத்தில் பாதி வெட்டி, அடுத்த மரத்தை அதில் குறுக்கே உட்காரவைக்க வேண்டும். முதல் மூலையில் நான் ஆழமாக வெட்டித் தொலைத்தேன். "பட்டாளத்துல இப்படி வெட்டுனா ஜெயில்ல போடுவாங்க" என்றான் தம்பி. ரோஷத்தில் கோடாலியை வீசிவிட்டுப் போன நான், கால்மணி நேரத்தில் தானாகவே திரும்பி வந்தேன். ஆசை விடுமா? சுவர் இடுப்புயரம் வந்ததும் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து தின்றேன். கூரையில்லை, கதவில்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது. எனக்கோ ராஜா மாதிரி இருந்தது. வேலி ஓரம் போகிறவர்கள் எல்லாம் நின்று, "என்னப்பா, யானைக்குப் பெட்டி செய்யறயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கேட்கட்டும்!

சுவர் முழு உயரம் வந்து பத்து நாளில் மரம் வேலையைக் காட்டியது. பச்சை மரம் வெயிலில் காய்ந்து, முறுக்கிக்கொண்டு, இடுக்கு விட்டுவிட்டது. சில இடுக்கில் கையே போகும்.

"அங்க இடுக்குல பாசிய வெச்சு அடைப்பாங்கண்ணா."

"பாசிக்கு ஒகேனக்கல்லுக்கா போறது? சும்மா கெட!"

யோசனை எனக்குத்தான் வந்தது, பழியும் எனக்குத்தான். களத்தில் கேழ்வரகுப் பதர் மலையாய்க் கிடந்தது. அதை மண்ணும் சாணமும் சேர்த்துக் குழைத்து, இடுக்கெல்லாம் அப்பினோம். உள்பக்கம் நாலு விரல் இடைவெளி விட்டு மூங்கில் தட்டி கட்டி, அந்த இடைவெளியில் காய்ந்த பதரைத் திணித்தோம். மேலே ஒரு முழக் கனத்துக்குக் கரும்புத் தோகை வேய்ந்தோம். அப்பிய மண் வெடிக்கக் கூடாதே என்று காலையும் மாலையும் நானே பூவாளியால் நனைத்தேன்.

பட்டு ஆபீசில் கொடுத்த தெர்மாமீட்டரை ஒரு மத்தியானம் வெளியே மாட்டினேன். முப்பத்தெட்டு. உள்ளே மாட்டிவிட்டு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இறங்கியது. இன்னும் இறங்கியது. இருபத்தெட்டில் நின்றது. தம்பியை அப்படியே தூக்கிச் சுற்றினேன். அவன் என்னைவிடக் கனம், இருவருமாக விழுந்தோம்.

மண் அப்பிய ஆறாம் நாள் காலையில் பூவாளியோடு போன நான் கத்திய கத்தலில் தம்பி பல் விளக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடிவந்தான். சுவர் முளைத்திருந்தது. பதரில் கலந்து கிடந்த கேழ்வரகு, இடுக்கு இடுக்காய்ப் பச்சைக் கோடு போட்டு நின்றது. மண் இருக்கிறது, சாணம் இருக்கிறது, வேளை தவறாமல் தண்ணீர் ஊற்ற ஒரு முட்டாள் இருக்கிறான். முளைக்காமல் என்ன செய்யும்?

தம்பி சிரித்து உருண்டான். எனக்கு அழுகை வந்தது. ஈரம் காயாமல் புழுவை உள்ளே கொண்டுபோனால் நோய் வந்து செத்துவிடும். தண்ணீரை நிறுத்தி, நாலு நாள் காயவிட்டுத் தட்டுகளை மாற்றிவிடலாம், மனைவி வர ஒரு வாரம் இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அவள் மறுநாளே வந்துவிட்டாள். சொன்ன நாளில் வந்தால் மறைத்துவிடுவேன் என்று தெரியாதவளா?

உச்சி வெயில். ஒரு கையில் பை, தோளில் வீறிட்டு அழும் மகள். நான் ஓடி மறிப்பதற்குள் கூடத்துக் கதவைத் தள்ளிவிட்டாள். தட்டுத் தட்டாய்ப் புழு. அப்படியே திரும்பி நடந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"இந்தாம்மா, பின்னாடி வந்து ஒருவாட்டி பாத்துட்டுப் போ. அதுங்களுக்குத் தனியா கட்டியிருக்கேன். சத்தியமா!"

"பஸ்சு போயிரும்."

"ஒருவாட்டி!"

வந்தாள். நாங்கள் போன நேரம், பக்கத்துத் தோட்டத்து ஆடு ஒன்று பின்னங்காலில் நின்று என் சுவரை மேய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி ஆட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள், நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

நுழைந்ததும் சிரிப்பு நின்றது. மகளின் அழுகையும் நின்றது. தர்மபுரியில் பஸ் மாறியதிலிருந்து அழுதுகொண்டே வந்த பிள்ளையாம். அம்மாவின் தோளில் கன்னத்தை வைத்து, இரண்டு தேம்பல் தேம்பி, அடங்கியது.

மனைவி சுவரைத் தொட்டுப் பார்த்தாள். மேலே அண்ணாந்து பார்த்தாள். பிறகு பையிலிருந்து பழைய புடவையை எடுத்து, விட்டத்தின்மேல் வீசி முடிச்சுப் போட்டுத் தூளி கட்டினாள். மகளை அதில் கிடத்தி இரண்டே ஆட்டுதான், தூங்கிவிட்டாள்.

"மூணே நாள்ல ஈரம் காஞ்சுரும். புழுவ இங்க மாத்திடறேன்" என்றேன் குசுகுசுவென்று.

"எதுக்கு? அதுங்க வூட்டுலயே இருக்கட்டும். நானும் புள்ளையும் இங்கதான்."

"அப்ப நானு?"

ஆணியில் தொங்கிய தெர்மாமீட்டரைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"அதுங்களுக்கு எல போட ஆளு வேணாமா? போங்க."

வெளியே வந்தேன். சந்தோஷத்தில் தெர்மாமீட்டரைக் கீழே போட்டுவிடப் போகிறேன் என்று மடியில் செருகிக்கொண்டேன். ஆடு மறுபடி வந்து சுவரில் வாய் வைத்தது. விரட்டக் கையை ஓங்கியவன் அப்படியே நிறுத்தினேன். சத்தம் போட்டால் மகள் எழுந்துவிடுவாள். தின்றுவிட்டுப் போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.